'கசடதப', 'பதபதப' ஆன கதை!
கம்ப்யூட்டருக்குப் புதிய 'லைப்ரரி' செய்கிறவர்கள் படும் பாடு

2010-ம் ஆண்டின் கடைசி மாதங்கள். 'லினக்ஸ்' முறையில் ஓடும் கம்ப்யூட்டர் வைத்திருந்த சிலருக்கு வினோதமான தொல்லை ஒன்று வந்து சேர்ந்தது.

கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்டார்கள். பாட்டு கரகரத்தது!

நேற்றுவரை நன்றாகப் பாடிய அதே பாட்டுத்தான். ஒலிபெருக்கியில் கோளாறு இல்லை. கம்பியிலும் கோளாறு இல்லை. பாட்டைப் பாட வைத்தது 'பிளாஷ்' என்ற புரோகிராம். அதைச் செய்தது அமெரிக்காவின் 'அடோபி' கம்பெனி. அந்தப் புரோகிராமிலும் யாரும் கை வைக்கவில்லை. ஆனால் 'பெடோரா 14' என்ற புதிய லினக்ஸ் பதிப்பை ஏற்றியவர்களுக்கு மட்டும் பாட்டு கெட்டுப்போயிற்று.

விசாரித்துப் பார்த்தார்கள். உண்மை தெரிந்தது. கம்ப்யூட்டரின் அடிவாரத்தில் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. ஓர் இடத்தில் இருப்பதை இன்னோர் இடத்தில் நகல் எடுத்து வைப்பது அதன் வேலை. அது இன்னும் வேகமாக ஓட வேண்டும் என்று நிபுணர்கள் திருத்தியிருந்தார்கள். அவர்கள் திருத்தியதில் ஒரு தப்பும் கிடையாது. சட்டப்படி எல்லாம் சரி. ஆனாலும் பாட்டு கெட்டது!

அது எப்படி? அதைத் தெரிந்துகொள்ள, முதலில் அந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

புத்தகம் இல்லாத நூல் நிலையம்

'சி' என்று ஒரு மொழி இருக்கிறது. ஒரே எழுத்துத்தான் அதன் பெயர். மனிதர்கள் பேசிக்கொள்ளும் மொழி அல்ல அது. கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் மொழி. டென்னிஸ் ரிட்சி என்பவர் 1972-ம் ஆண்டு வாக்கில் அதை உருவாக்கினார். அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் உள்ள பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் அவர் வேலை பார்த்தார். 2011-ல் அவர் காலமாகிவிட்டார். அவர் செய்த மொழி இன்னும் இருக்கிறது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்போனுக்கும் அஸ்திவாரம் பெரும்பாலும் அந்த மொழியில் எழுதியதுதான்.

'சி' மிகவும் சிறிய மொழி. அதைக்கொண்டு கூட்டலாம், கழிக்கலாம். "இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்" என்று சொல்லலாம். ஆனால் திரையில் ஓர் எழுத்தைக் காட்டு என்று சொல்ல அந்த மொழியில் ஒரு சொல் கிடையாது! மணி என்ன என்று கேட்கவும் வழி இல்லை.

அதற்கெல்லாம் தனியாக ஒரு கருவிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். தச்சர் வேலைக்குப் போகும்போது உளி, வாள், இழைப்புளி எல்லாவற்றையும் பெட்டியில் எடுத்துக்கொண்டுதானே போகிறார்? ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து புதிதாக உளி அடிப்பதில்லை. அது போலத்தான் இதுவும். இந்தப் பெட்டிக்கு 'லைப்ரரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். லைப்ரரி என்றால் நூல் நிலையம். இந்த நூல் நிலையத்தில் ஒரு புத்தகம்கூடக் கிடையாது. எல்லாம் கருவிகள்!

ஆரம்பத்தில் பெல் கூடத்தில் மைக் லெஸ்க் என்பவர் எழுத்தை வாங்கவும் வெளியே அனுப்பவும் சில கருவிகளைச் செய்தார. பிறகு ஆளுக்கு ஒன்று சேர்த்தார்கள். ஊருக்கு ஊர் பெட்டி மாறியது. ஓர் ஊரில் எழுதிய புரோகிராம் இன்னோர் ஊரில் ஓடவில்லை. கடைசியில் 1989-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு கமிட்டி உட்கார்ந்து சட்டம் எழுதியது. பெட்டியில் என்ன என்ன கருவி இருக்க வேண்டும், எது என்ன வேலை செய்ய வேண்டும் என்று 15 பிரிவுகளாகப் பிரித்து எழுதினார்கள்.

இந்தச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. கருவி என்ன செய்ய வேண்டும் என்றுதான் சட்டம் சொல்லும். எப்படிச் செய்வது என்று சொல்லாது. அது செய்கிறவர் பாடு. ஆகையால் யார் வேண்டுமானாலும் புதிய பெட்டி ஒன்று செய்துகொள்ளலாம். தடை இல்லை. 1992-ல் பி. ஜே. பிளாகர் என்ற நிபுணர் முழுப் பெட்டியையும் தாமே எழுதி, ஒவ்வொரு வரியையும் அச்சிட்டுப் புத்தகமாகவே போட்டுவிட்டார். புத்தகம் இல்லாத நூல் நிலையம், அப்படியாக ஒரு புத்தகம் ஆயிற்று!

மூன்று வரி வேலையா?

"இவ்வளவுதானா? நானே செய்துவிடுவேனே!" என்று நினைக்கத் தோன்றும். பல இளைஞர்களுக்குத் தோன்றியும் இருக்கிறது.

'ஸ்டர்லென்' என்று ஒரு கருவி. ஒரு சொல் எவ்வளவு நீளம் என்று எண்ணிச் சொல்லும். முடிவுக் குறி வரும்வரை எண்ண வேண்டியதுதான். மூன்று வரியில் எழுதிவிடலாம்.

அதனிடம் 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். த, மி, ழ் என்று மூன்று எழுத்து. ஆனால் கருவி 15 என்று சொல்லும்!

ஏன்? கம்ப்யூட்டருக்குள் 'மி' என்பது ஒரே எழுத்து அல்ல. 'ம' தனி. அதன் இகரக் குறி தனி. 'ழ்' என்பதிலும் அப்படியே. 'ழ' தனி, மேலே வைக்கும் புள்ளி தனி. ஆக 5 குறிகள். இப்போது வழக்கில் உள்ள முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று 'பைட்' இடம் வேண்டும். ஐம்மூன்று பதினைந்து.

கருவி தப்பாகச் சொல்லவில்லை. எழுத்தை எண்ணு என்று அதற்குச் சட்டம் இல்லை. இடத்தை எண்ணு என்றுதான் சட்டம். புதிதாகப் பெட்டி செய்கிறவர் தமிழ்ப் பற்றோடு, "15 என்று சொல்வது மகா தப்பு. 3 என்று சொல்லட்டும்" என்று திருத்திவிட்டால் என்ன ஆகும்? அந்தக் கருவியைக் கேட்டுத்தான் மற்றப் புரோகிராம்கள் இடம் ஒதுக்குகின்றன. மூன்று பேருக்கு இலை போட்டுவிட்டு, பதினைந்து பேரைப் பந்தியில் உட்கார வைத்த கதை ஆகிவிடும்.

எண்களை அச்சிடும் கருவியின் கதை இன்னும் பெரிது. பத்தில் ஒரு பங்கை நாம் 0.1 என்று எழுதுகிறோம். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் இரண்டு இரண்டாகப் பிரித்தே கணக்கு வைக்கும். அதனால் 0.1 என்பதை அது சரியாக எழுதவே முடியாது. கிட்டத்தட்ட ஒரு எண்ணை வைத்துக்கொள்ளும். அதை 20 இலக்கத்துக்கு அச்சிடச் சொன்னால் 0.10000000000000000555 என்று வரும். அந்தக் கடைசி மூன்று ஐந்துகளும் சரியாக வர வேண்டும். அதற்காகவே பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருக்கிறது. மூன்று வரி வேலை எங்கே போயிற்று என்று தெரியாது!

அளவு கேளாத கருவி

பெட்டியில் 'கெட்ஸ்' என்று ஒரு கருவி இருந்தது. ஒருவர் தட்டி அனுப்பும் வரியை வாங்கி, நாம் காட்டும் இடத்தில் கொட்டும். எவ்வளவு வந்தாலும் கொட்டும். "இடம் எவ்வளவு?" என்று கேட்கவே கேட்காது.

ஒரு படி கொள்ளும் பானையில் ஒரு மரக்கால் நெல்லைக் கொட்டினால் தரையில் சிந்தும். பெருக்கி அள்ளிக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் சிந்துவது தரையில் விழாது. பக்கத்துப் பானையில் விழும்! அந்தப் பக்கத்துப் பானையில், அடுத்து என்ன வேலை செய்ய வேண்டும் என்ற குறிப்பு இருக்கலாம். கெட்டிக்காரத் திருடன் ஒருவன் தனக்கு வேண்டிய குறிப்பை அங்கே சிந்த வைத்துவிட்டால்? கம்ப்யூட்டர் அவன் சொன்னதைக் கேட்க ஆரம்பித்துவிடும்.

1988-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி அதுதான் நடந்தது. கார்னெல் சர்வகலாசாலையில் மேல்படிப்புப் படித்த ராபர்ட் மாரிஸ் என்ற 22 வயது வாலிபர், ஊர் ஊராகத் தானே பரவும் புரோகிராம் ஒன்றை இணையத்தில் அவிழ்த்துவிட்டார். அது பல வழிகளில் நுழைந்தது. அதில் ஒரு வழி இந்தக் 'கெட்ஸ்'. யார் யார் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறார்கள் என்று சொல்லும் ஒரு புரோகிராம், 512 பைட் இடம் வைத்துக்கொண்டு காத்திருந்தது. அதற்கு 536 பைட் வந்தது. அதிகம் 24. அவ்வளவுதான்! கதவு திறந்துவிட்டது.

சுமார் 6,000 கம்ப்யூட்டர்கள் திணறின என்று அப்போது மதிப்பிட்டார்கள். அன்றைய இணையத்தில் அது பத்தில் ஒரு பங்கு. மாரிசுக்குக் கோர்ட்டு 10,050 டாலர் அபராதம் போட்டது. 400 மணி நேரம் பொதுச்சேவை செய்யச் சொன்னது.

சரி, கருவியைத் தூக்கி எறிந்தார்களா? அதுதான் இல்லை! மறு வருஷம் சட்டம் எழுதிய கமிட்டி, 'கெட்சை'யும் பெட்டியில் சேர்த்தே எழுதியது. என்னைக் கேட்டால் அன்றைக்கே எடுத்திருக்க வேண்டும். ஆனால் அவர்களுக்கு ஒரு பயம். அந்தக் கருவியை நம்பி எத்தனையோ புரோகிராம்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. 1999-ல் சட்டத்தைப் புதுப்பித்தார்கள். அப்போதும் அது இருந்தது. 2011-ல் வந்த சட்டத்தில்தான் எடுத்தார்கள். 23 வருஷம்!

அதற்குப் பிறகும் பெட்டி செய்கிறவர்கள் அதை அடியோடு ஒழித்துவிடவில்லை. பழைய புரோகிராம் ஏதாவது வந்து கேட்டால் கொடுப்பதற்காக அடியில் ஒரு மூலையில் போட்டு வைத்திருக்கிறார்கள். புதிதாக எடுக்க வருகிறவரிடம், "இது அபாயமானது, தொடாதே!" என்று எச்சரிக்கிறார்கள்.

பாட்டுக்கு வருவோம்

நகல் எடுக்கும் கருவியின் பெயர் 'மெம்காப்பி'.

ஒரு சிலேட்டில் ஏழு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். 3-வது கட்டம் முதல் 7-வது கட்டம் வரை க, ச, ட, த, ப என்று எழுதுங்கள். முதல் இரண்டு கட்டம் காலி. இப்போது இந்த ஐந்து எழுத்தையும் 1 முதல் 5 வரை உள்ள கட்டங்களுக்கு நகல் எடுக்க வேண்டும்.

முன்னாலிருந்து எடுங்கள். 3-ல் உள்ள 'க' 1-க்குப் போகிறது. 4-ல் உள்ள 'ச' 2-க்குப் போகிறது. இப்படியே போனால் கடைசியில் 'கசடதப' என்று சரியாக வரும்.

பின்னாலிருந்து எடுத்துப் பாருங்கள். 7-ல் உள்ள 'ப' 5-க்குப் போகிறது. அங்கே இருந்த 'ட' அழிந்தது! 6-ல் உள்ள 'த' 4-க்குப் போகிறது. அங்கே இருந்த 'ச' அழிந்தது. அடுத்து 5-ல் உள்ளதை 3-க்கு எடுக்க வேண்டும். 5-ல் இப்போது இருப்பது 'ப'. இப்படியே முடித்தால் என்ன வரும் தெரியுமா? 'பதபதப'!

பாட்டு கரகரத்த இரகசியம் இதுதான். முன்னாலிருந்து எடுத்துக்கொண்டிருந்த கருவியை, சில புதிய யந்திரங்களில் பின்னாலிருந்து எடுக்கும்படி மாற்றியிருந்தார்கள். அப்படிச் செய்தால் வேகம் கூடியது. எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் இந்தக் கருவியைத் தொடாதே, அதற்கு 'மெம்மூவ்' என்ற வேறு கருவி இருக்கிறது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பிளாஷ் எழுதியவர்கள் அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் தப்பு பல காலம் வெளியே தெரியாமல் இருந்தது. கருவி திசை மாறியதும் தெரிந்துவிட்டது.

பெரிய வாக்குவாதம் மூண்டது. "தப்பு பிளாஷ்மேல். நாங்கள் ஏன் மாற்ற வேண்டும்?" என்பது ஒரு கட்சி. லினக்சை உருவாக்கிய லைனஸ் டார்வால்ட்ஸ் எதிர்க் கட்சியில் நின்றார். பாட்டுக் கேட்கிறவருக்குச் சட்டம் தெரியாது, நேற்றுப் பாடியது இன்று பாடவில்லை என்பதுதான் தெரியும் என்பது அவர் வாதத்தின் சாரம். தாமே ஒரு நகல் கருவி எழுதி மாட்டிப் பார்த்து, கோளாறு எங்கே என்று காட்டினார்.

2011-ல் ஒரு சமாதானம் ஏற்பட்டது. பெட்டிக்குள் ஒரே பெயரில் இரண்டு கருவி! பழைய புரோகிராம் வந்து கேட்டால் பத்திரமான கருவியைக் கொடுக்கும். புதிதாகச் செய்த புரோகிராம் கேட்டால் வேகமான கருவியைக் கொடுக்கும்.

புதிய பெட்டி செய்ய நினைக்கிறவர் இங்கேதான் நடுங்க வேண்டும். சட்டத்தில் உள்ளதைச் செய்தால் மட்டும் போதாது. சட்டத்தில் இல்லாமல், பழக்கத்தில் மட்டும் உள்ளதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் புத்தகம் கிடையாது. இடித்துக்கொண்ட பிறகே தெரியும்.

பிறகு ஏன் செய்கிறார்கள்?

பழைய பெட்டி கனத்துப் போவதுதான் முக்கியக் காரணம். லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இருப்பது 'ஜி-லிப்-சி' என்ற பெட்டி. 1988-ம் ஆண்டு வாக்கில் ரோலண்ட் மெக்ராத், இருபது வயதுகூட நிரம்பாத வாலிபர், அதை எழுதத் தொடங்கினார். அன்று முதல் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். இடையில் லினக்ஸ்காரர்கள் கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய்ச் சொந்தமாக ஒரு பெட்டி வைத்துக்கொண்டதும் உண்டு. 1997-ல் இரண்டாவது பதிப்பு வந்ததும் தாய்வீட்டுக்கே திரும்பிவிட்டார்கள்!

செல்போனுக்குக் கனமான பெட்டி ஆகாது. 2008-ல் ஆண்ட்ராய்டு செல்போன் வந்தபோது கூகுள் கம்பெனி 'பயானிக்' என்று சிறிய பெட்டி ஒன்றைத் தானே செய்துகொண்டது.

தனி மனிதர் முயற்சி என்றால் 'மஸல்' என்ற பெட்டியைச் சொல்ல வேண்டும். கடல் சிப்பி ஒன்றின் ஆங்கிலப் பெயர்போல ஒலிக்கும் பெயர். ரிச் பெல்க்கர் என்ற அமெரிக்கர் அதைத் தொடங்கி, 2011 பிப்ரவரியில் வெளியிட்டார். பெட்டி சிறியதாக இருக்க வேண்டும், படித்தால் புரிய வேண்டும், யந்திரத்தில் இடம் தீர்ந்து போனாலும் பாதி வழியில் விழக்கூடாது என்பது அவர் எண்ணம். மூன்று வருஷம் கழித்து, 2014 மார்ச்சில்தான் '1.0' என்று எண் போட்டார். அதே வருஷம் 'ஆல்பைன்' என்ற லினக்ஸ் பதிப்பு தன் பழைய பெட்டியை எடுத்துவிட்டு 'மஸலை' வைத்துக்கொண்டது. ஆல்பைனின் அடிப்படை மூட்டை சுமார் 5 மெகாபைட். செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ அளவு! இணைய நிலையங்களுக்குப் புரோகிராமை மூட்டை கட்டி அனுப்புகிறவர்கள் அதைப் பார்த்து விட்டார்களா? உலகம் முழுவதும் பரவிவிட்டது.

பரவிய பிறகு இடிபாடும் வந்தது. இணையத்தில் ஒரு பெயரைச் சொல்லி, அதன் எண் என்ன என்று கேட்பது பெட்டியின் வேலைகளில் ஒன்று. கேள்வியும் பதிலும் தபால் கார்டு மாதிரி போய் வரும். கார்டில் 512 பைட்தான் எழுதலாம். பதில் நீளமாக இருந்தால், கவர் போட்டு அனுப்பச் சொல்லி மறுபடி கேட்க வேண்டும். பழைய பெட்டி அப்படிக் கேட்கும். 'மஸல்' கேட்கவில்லை. கார்டில் வெட்டுப்பட்டு வந்ததை வைத்துக்கொண்டு சமாளித்தது. பெரும்பாலும் அது போதும். போதாத இடத்தில், "அந்தப் பெயரே இல்லை" என்பதுபோல் புரோகிராம்கள் விழித்தன. கவர் கேட்கும் வசதி 2023 மே மாதப் பதிப்பில்தான் வந்தது. பெட்டி வெளிவந்து 12 வருஷம் கழித்து!

2019-ல் கூகுள் நிபுணர்கள் இன்னொரு பெட்டியைத் தொடங்கினார்கள். 'எல்எல்விஎம்' என்ற திட்டத்தின்கீழ் அந்த வேலை நடக்கிறது. இவர்கள் முன்னெச்சரிக்கையாக ஒரு தந்திரம் செய்திருக்கிறார்கள். முழுப் பெட்டியும் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முடிந்த கருவியைப் புதிய பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். முடியாததைப் பழைய பெட்டியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு வேடிக்கை, 'சி' மொழிக்கான இந்தப் பெட்டியை அவர்கள் 'சி' மொழியில் எழுதவில்லை. 'சி-பிளஸ்-பிளஸ்' என்ற வேறு மொழியில் எழுதுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை 8-44

தேதி குறித்த ஆபத்து ஒன்றும் இருக்கிறது.

பெட்டியில் உள்ள கடிகாரம் மணி, நிமிஷம் என்று எண்ணுவதில்லை. 1970-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் எத்தனை விநாடி ஆயிற்று என்று எண்ணிக்கொண்டே போகும். பழைய மாதிரி யந்திரங்களில் அந்த எண்ணை எழுத 32 கட்டம்தான் விட்டிருந்தார்கள். அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647.

2038-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடிக்கு அந்த எண் நிரம்பும். அடுத்த விநாடி? கடிகாரம் 1901-ம் ஆண்டு டிசம்பர் மாதத்துக்குப் போய்விடும்!

கட்டத்தை 64 ஆக்கிவிட்டால் தீர்ந்தது. சொல்லுவது சுலபம். 32 கட்டம் வைத்துக்கொண்டு காத்திருக்கும் பழைய புரோகிராமிடம் 64 கட்டத்தைக் கொட்டினால், மறுபடியும் பக்கத்துப் பானைக் கதைதான். 'மஸல்' 2020 பிப்ரவரியில் துணிந்து மாற்றியது. புதிதாகச் செய்யும் புரோகிராம் எல்லாவற்றுக்கும் 64. பழையது வந்து கேட்டால், அதற்கென்று பழைய வாசல் வழியே 32. 'ஜி-லிப்-சி' 2021 ஆகஸ்டில் வழி திறந்தது. ஆனால் விருப்பப்பட்டுக் கேட்கிறவருக்கு மட்டும்.

'டெபியன்' என்ற பெரிய லினக்ஸ் பதிப்பை நடத்துகிறவர்கள், 32 கட்ட யந்திரங்களுக்கான தங்கள் புரோகிராம்களை மறுபடி செய்யும் வேலையில் 2024-ல் இறங்கினார்கள். 2025 ஆகஸ்டில் வெளிவந்த 13-வது பதிப்பில் வேலை முடிந்தது. ஒரே ஒரு வகையை மட்டும் தொடவில்லை. அது பழைய இன்டெல் யந்திரங்களின் வகை. பழைய புரோகிராம்களை ஓட்டுவதற்காகவே அந்த வகையை இன்னும் வைத்திருக்கிறார்கள். கடிகாரத்தை மாற்றினால் அந்தப் பழைய புரோகிராம்கள் ஓடாது. ஆகவே அதில் பழைய கடிகாரமே ஓடிக்கொண்டிருக்கிறது.